பச்சையில் வந்தால் பொருத்தம்

போன வாரம் எங்கள் கொம்பியூட்டர் நிலையத்துக்கு அச்சுவேலியிலிருந்து ஒரு ஐயா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அது சரி. தூசி கூடாது என்று நாங்களே போர்டு எழுதி வைத்திருக்கிறோம். உள்ளே வந்து, கொம்பியூட்டருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டார். அதற்கு எங்கள் போர்டு பொறுப்பல்ல.

மகளின் சாதகக் குறிப்பையும் மாப்பிள்ளைப் பெடியனின் குறிப்பையும் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நல்ல பொருத்தமெண்டால் உது பச்சை காட்டுமாம். மெய்யோ?"

"இப்ப காட்டுறதில்லை ஐயா. நீலத்திலை வெள்ளை எழுத்து மட்டுந்தான்."

"ஏன், பழுதாப் போச்சுதோ?"

"இல்லை. இப்பதான் திருந்தியிருக்கு."

அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. வருமா? பச்சை காட்டும் என்று பஸ் ஏறி வந்த மனிதர்…

இந்தப் பச்சையின் கதையை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படிப்பிப்பவள் என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். கலியாணப் பொருத்தமும் பார்ப்பவள் என்பது தெரியாது. நானும் அதை ஊருக்குச் சொல்லித் திரிவதில்லை.

எங்கள் நிலையத்தின் சொந்தக்காரர் பரமண்ணை. நல்ல மனிதர். கொஞ்சம் அவசரக்காரர். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியாரைப் பிடித்து, ஒரு கலர் மொனிட்டர் எடுப்பித்தார். வந்து இறங்கிய பிறகுதான் யோசித்தார் — இதை வைத்து என்ன செய்வது? படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளையே போதும். கலர் சும்மா கிடக்கலாமா?

"தங்கச்சி, பொருத்தம் பாக்கிற புரோகிராம் ஒண்டு எழுதும். சனம் வரும்" என்றார்.

எழுதினேன். ஒரு சாத்திரியாரிடம் போய் விதிகளைக் கேட்டு வந்து, பெண்ணின் நட்சத்திரத்தையும் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தையும் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் திரையில் வருகிற மாதிரிச் செய்தேன். திரையில் ஒரு கட்டம் திறக்கும். எங்கள் தொழிலில் அதை விண்டோ என்போம். அதற்குள் விடை வரும். எங்களிடம் தமிழ் எழுத்து இல்லை. உத்தமம், மத்திமம் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் வரும்.

கறுப்பு விண்டோ, சிவப்பு எழுத்து. எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். முதலாவதாக வந்த அம்மா ஒருவர் பார்த்தார், எழும்பிவிட்டார்.

"சுடலைக்கு முன்னாலை இருக்கிற மாதிரிக் கிடக்கு. நாங்கள் பிறகு வாறம்."

பிறகு வரவேயில்லை.

நிறத்தை மாற்றுவது பெரிய வேலையா என்று கேட்பீர்கள். ஓடுகிற புரோகிராமை நிறுத்த வேண்டும். உள்ளே போய் நிறத்தைத் திருத்த வேண்டும். திரும்ப ஓடவிட்டு, கேட்டதையெல்லாம் திரும்பக் கேட்டுப் பதிய வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விடும். அதனால் ஒரு வசதி செய்தேன். விசைப்பலகையின் இடது ஓரத்தில் இரண்டு விசைகள். ஒன்றைத் தட்டினால் விண்டோவின் நிறம் மாறும். மற்றதைத் தட்டினால் எழுத்தின் நிறம் மாறும். புரோகிராம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விடை ஒரு எழுத்தும் மாறாது. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை அல்லவா? அப்படித்தான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவார் என்பதை நான் யோசிக்கவில்லை.

பரமண்ணை அந்த இரண்டு விசைகளிலும் மயங்கிப்போனார். செவ்வாய்க்கிழமை சிவப்பு. வெள்ளிக்கிழமை மஞ்சள். ஒருநாள் மஞ்சள் விண்டோவில் மஞ்சள் எழுத்தையே போட்டுவிட்டார். விடை முழுவதும் மாயம். வந்தவர்கள் திகைத்துப் பார்க்க, பரமண்ணை அசையாமல் சொன்னார்: "கிரகம் கொஞ்சம் மறைவிலை நிக்குது. பொறுங்கோ." பிறகு தட்டினார். எழுத்து வந்தது. வந்தவர்களுக்குப் பரம திருப்தி.

நாளடைவில் அவர் முகம் பார்த்து நிறம் போடப் பழகினார். வந்த குடும்பத்துக்குச் சம்பந்தம் பிடித்திருந்தால் விண்டோ மெல்லப் பச்சையாகும். மத்திமம் என்ற சொல் பச்சையில் நின்றால் யார் அதை மத்திமம் என்று எடுப்பார்கள்? இங்கிலீஷ் வாசிக்காதவர்களுக்கு எழுத்து ஒரு கோலம். நிறம்தான் விடை.

"பொய் சொல்லேல்லையே தங்கச்சி. எழுத்திலை கை வைக்கேல்லை" என்பார். அது உண்மைதான்.

அப்படியிருக்க, நீர்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன், தாய், தாயின் தமையன், மகள். வாழைத்தோட்டக்காரர்கள். தகப்பன் அதிகம் பேசாதவர். மாமன்காரர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். கனடா மாப்பிள்ளைச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். மகளின் பெயர் கௌரி. ஊரில் ஒரு டியூட்டரியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறாளாம். விசைப்பலகையின் இடது பக்கத்துக் கதிரையில் அவளை இருத்தினார்கள்.

விபரத்தைப் பதிந்தேன். விடை வந்தது. பெரும்பாலும் மத்திமம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பரமண்ணை மாமனின் முகத்தைப் பார்த்தார். குனிந்து இடது ஓரத்தில் தட்டினார். விண்டோ பச்சையானது.

"பார், நான் சொன்னனான் தானே" என்றார் மாமன், தங்கையிடம்.

தாயின் முகம் மலர்ந்தது. பரமண்ணை மாமன் பக்கம் திரும்பி, கனடாவில் குளிர் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் கௌரியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. பரமண்ணை தட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்லக் கையை நீட்டினாள். ஒரு தட்டு. விண்டோ நீலமானது. எழுத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அது மாறவில்லை என்று கண்டுகொண்டாள். பிறகு தயங்கவில்லை. மண்ணிறம், ஊதா… கறுப்பு. அடுத்த விசை. சிவப்பு எழுத்து.

தாய்தான் முதலில் கண்டார்.

"அண்ணை, உங்கை பாருங்கோ. கறுத்துப் போச்சு."

எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மாமன் நெற்றியைத் துடைத்தார். "ஏதும் தோசம் எண்டுதோ?" பரமண்ணை, மெஷின் சூடாகிவிட்டது என்று ஏதோ சொன்னார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. அதுவரை வாய் திறக்காத தகப்பன் என்னிடம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் வாசிப்பீர். உதிலை என்ன எழுதியிருக்கு?"

"பெரும்பாலும் மத்திமம் ஐயா."

"முந்திப் பச்சையிலை நிக்கேக்கை என்ன இருந்தது?"

"அதே மத்திமந்தான்."

"அப்ப ஏன் கறுத்தது?"

பரமண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

"நிறத்தை மெஷின் போடுறதில்லை ஐயா. மனிசர்தான் போடுறது."

தகப்பன் கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்தார். பிறகு, அதற்குப் பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பார்த்தார்.

"நீ அமத்தினனியோ?"

"ஓம் அப்பா."

"ஏன்?"

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டு வீட்டிலை எத்தினை தரம் சொன்னனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உது கறுத்தவுடனை எல்லாரும் எழும்பிட்டியள்."

குரல் உயரவில்லை. விசை தட்டிய கையை மடியில் வைத்து மற்றக் கையால் பொத்திக்கொண்டாள்.

மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இஞ்சை இருந்து என்ன செய்யப்போறாய்? ஊரே வெளியிலை போக வழி தேடுது. தேடிவந்த வழியை நீ அடைக்கிறாய்."

அவர் சொன்னதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் பிள்ளை வைத்திருந்த எந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை?

தகப்பன் சொன்னார். "நாங்கள் உன்னை வீட்டை விட்டுக் கலைக்கேல்லை பிள்ளை. எங்கையெண்டாலும் உயிரோடை இருக்கட்டும் எண்டுதான்."

"தெரியும் அப்பா. என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அந்த மனிதர் கதிரையை இழுத்து மகளுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லாம் அங்கே நிற்பதை மறந்துவிட்டார் போலிருந்தது.

"சரி. இப்ப கேக்கிறன். விருப்பமோ?"

"இல்லை."

"பயத்திலை சொல்லுறியோ?"

"போகப் பயமில்லை. அந்த ஆளைத் தெரியாது. இஞ்சை என்னட்டைப் படிக்கிற பிள்ளையளைத் தெரியும்."

தாய் அழத் தொடங்கினார். பிற ஆட்களுக்கு முன்னால் இப்படிக் கதைக்கிறாளே என்பதற்கா, மகள் தூரம் போகமாட்டாள் என்பதற்கா… அவருக்கே தெரிந்திருக்காது. தகப்பன் எழும்பினார்.

"மச்சான், வா போவம். அவையளுக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடு."

போகும்போது பரமண்ணையிடம் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரமண்ணைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முழுவதும் அவர் அந்த விசைகள் பக்கம் போகவில்லை. அடுத்தநாள் காலை வந்தவுடனே சொன்னார்:

"தங்கச்சி, உந்த ரெண்டு கீயையும் கழட்டிவிடும்."

புரோகிராமிலிருந்து கழட்டிவிட்டேன். அன்றிலிருந்து நீலத்தில் வெள்ளைதான். மாமன்காரர் எங்கள் மெஷின் பழுது என்று ஊரெல்லாம் சொன்னார். கொஞ்சநாள் ஆட்கள் குறைந்தார்கள். கௌரி இன்னும் நீர்வேலியில் படிப்பிக்கிறாள். அவளுடைய பிள்ளைகள் சோதனையில் நன்றாகச் செய்திருக்கிறார்களாம். கனடா மாப்பிள்ளைக்கும் வேறிடத்தில் கலியாணம் நடந்துவிட்டது. அந்தப் பொருத்தத்தை நாங்கள் பார்க்கவில்லை.

கழட்டிய இடத்தில் நானாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். இப்போது எங்கள் புரோகிராம் முதலில் நட்சத்திரத்தைக் கேட்பதில்லை. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்கும். ஓம் அல்லது இல்லை என்று பதியாவிட்டால் மேலே நகராது. பத்துப் பொருத்தத்தில் இது எந்தப் பொருத்தம் என்று பரமண்ணை இன்னும் முணுமுணுக்கிறார்.

அந்தக் கேள்வியை வாசித்துச் சொன்னதும் தகப்பன்மார் சீலிங் ஃபேனைப் பார்ப்பார்கள். தாய்மார்தான் முந்திக்கொள்வார்கள். "ஓம் எண்டு போடும் பிள்ளை, அவள் ஒண்டும் சொல்லமாட்டாள்."

நான் போடுவதில்லை. அந்தப் பெண் வாய் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

மெஷினுக்கு என்ன அவசரம்?