நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

"மழை வர்றாப்பல இருக்குது" என்கிறார் கதிர்வேல். இட்லியைத் தட்டில் வைக்காமல் கையிலேயே பிடித்தபடி நிற்கிறார் அறிவுச்செல்வி. "எதை வெச்சுங்க சொல்றீங்க?" கணவர் மேகத்தைக் காட்டுகிறார். நேற்றும்தான் மேகம் இருந்தது. அவர் வேறு காரணம் தேடி முடிப்பதற்குள் இட்லி ஆறிவிடுகிறது.

புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டின் மாடியறையில் அறிவுச்செல்விக்கு வேலை. கணித நிரூபணங்களை வரி வரியாகச் சோதித்து, சரியா தவறா என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுதினார். அதை ரஸ்ட் என்ற புதிய கணினி மொழியில் இவர் திருப்பி எழுதுகிறார். மருமகளுக்கு ரஸ்ட்டில் வேலை என்று கேள்விப்பட்டு, லாரி பாடி கட்டும் மாமனார் காளியப்பன் அக்கறையாக மாடியேறி வந்தார். "முதல்ல துருவை நல்லாச் சுரண்டோணும் சாமி. அப்புறந்தான் பிரைமர்." வரிசை சரிதான் என்று ஒப்புக்கொண்டார் மருமகள்.

இரண்டு வருட உழைப்பு சென்ற மாதம் முடிந்தது. பழையது சரியென்று ஏற்ற பதினோராயிரம் நிரூபணங்களைப் புதியதில் போட்டார்கள். ஒன்று மட்டும் தேறவில்லை. இருபது வருடம் தேறியது இப்போது எப்படித் தேறாமல் போகும், பிழை உங்களுடையதுதான், வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் பழையதையே வைத்துக்கொள்கிறோம் என்று வேலை கொடுத்த பெங்களூர் அலுவலகம் சொல்லிவிட்டது. அறிவுச்செல்வி நிரலைத் தொடவில்லை. அந்த நிரூபணத்தை அச்சிட்டுக் கட்டில் முழுக்கப் பரப்பி, பென்சிலோடு உட்கார்ந்தார். நான்கு நாள் கதிர்வேலுக்குக் கூடத்தில் படுக்கை.

வியாழக்கிழமை மத்தியானம் நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் பென்சில் நின்றது. நிரூபிக்க வேண்டியதையே பெயரை மாற்றி, முன்பே நிரூபித்தாகிவிட்டதுபோல் எடுத்துக்கொண்டிருந்தது அந்த வரி. பழைய மென்பொருள் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தது. கதிர்வேலுக்கு விளங்கவில்லை.

"நான் சொல்றது நெசம், ஏன்னா நாந்தானே சொல்றேன். அப்படீங்குதுங்க இது."

"எங்கய்யன் பேசறாப்பல" என்றார் கதிர்வேல். காளியப்பனின் மகனுக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த வரியைக் குறித்து அறிவுச்செல்வி எழுதி அனுப்பியதற்கு, மறுநாள் காலை பேராசிரியரே பதில் எழுதினார்: பிழை என்னுடையது, உங்கள் மென்பொருள் சரி. பெங்களூர்க்காரர்கள் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். கதிர்வேல் அரைக் கிலோ மைசூர்பாகுடன் மாடியேறினார். அறிவுச்செல்வி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "எதை வெச்சுங்க சரின்னு சொல்றாரு?" என்று தான் எழுதிய நிரலைத் திரையில் திறந்து, அதன் முதல் வரியின்மேல் விரலை வைத்தார்.