பின்கழுத்தோடு போன எதிரி

அந்தக் காகிதக் கட்டைத் தேக்கா சந்தைத் தையற்காரரிடம் தூக்கிக் கொடுத்தது நான்தான். வேறு யார் செய்வார்கள் அப்படி ஒரு காரியத்தை? எனக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது.

எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் அலுவலகம். அங்கே கணினிப் பிரிவில் நானும் என் தோழியும் சரக்குப் பட்டியல்களைத் தட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் அதே இயந்திரத்தில் ஒரு விளையாட்டு ஓடும். திரை கிடையாது, எல்லாம் காகிதத்தில் அச்சாகி வரும். இருபது கோள்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. எந்தக் கோளிலிருந்து எந்தக் கோளுக்கு எத்தனை போர்க்கப்பல் என்று நாங்கள் தட்டினால், இயந்திரமும் தன் கப்பல்களை அனுப்பிவிட்டு, யார் எதைப் பிடித்தார்கள் என்று கடகடவென்று அடித்துக் காட்டும்.

நாங்கள் இருவரும் ஒரு கட்சி, இயந்திரம் எதிர்க்கட்சி. ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. காரணம் நான். "பொறுடி, இன்னும் ரெண்டு சுத்து சேர்த்துட்டு அனுப்பலாம் லா" என்பாள் அவள், பொட்டலச் சோற்றைப் பிசைந்தபடி. அவள் வாயை மூடுவதற்குள் நான் அத்தனை கப்பலையும் அனுப்பியிருப்பேன்.

பிறகு அந்த இயந்திரத்தையே மாற்றினார்கள். அது போவதற்குள் விளையாட்டின் புரோகிராம் முழுவதையும் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதுவரை சமர்த்து. அடுத்த வாரமே, வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில், பழைய அலுவலகக் காகிதங்களோடு அதையும் சேர்த்துக் கட்டித் தையற்காரரிடம் கொடுத்தேன். அகலமான தாள் அது. ரவிக்கை அளவு வெட்டி வைக்க அவருக்கு வசதி.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவள் நேராக எங்கள் ஃபேரர் பார்க் வீட்டுக்கு வந்தாள். "நாங்க ஆஸ்திரேலியாவுக்குப் போறோம்டி, பெர்த்துக்கு. விசா வந்துருச்சு. இன்னும் ஆறு வாரம்."

"போய்த் தொலை" என்றேன். சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "அந்த மெஷினை ஒரு தடவையாவது ஜெயிச்சிட்டுத்தான் நீ பிளேன் ஏறணும்" என்றேன்.

"அது எங்கடி இருக்கு இப்ப?"

"நான் செய்றேன்."

வீட்டில் ஒரு சின்னக் கணினி இருந்தது. தொலைக்காட்சியில் மாட்டினால் எழுத்து தெரியும், தட்டியதைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம். புரோகிராம்தான் வேண்டும். மறுநாளே தேக்கா மாடிக்கு ஓடினேன். தையற்கடைச் சுவரில் ஆணி ஆணியாகத் அளவுத் தாள்கள் தொங்கின. என் கோள்கள் அத்தனையும் யார் யாருடைய முதுகிலோ இருந்தன.

"அண்ணே, இதெல்லாம் எனக்கு வேணும்."

"ஐயோ, கஸ்டமர் அளவும்மா! தீபாவளி வேற வருது. ஒண்ணக்கூடத் தரமாட்டேன். வேணும்னா இங்கயே உட்கார்ந்து எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். வேலை முடிந்ததும் தினமும் போய், தையல் இயந்திரங்களுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கைப்பகுதி, முன்பகுதி, முதுகு என்று ஒவ்வொன்றாக. வரிகளுக்கு எண் இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது. அங்கங்கே விட்டுப்போனதை ஊகித்துக்கொண்டேன். ஓரிடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எதிரி எப்போது பொறுப்பது, எப்போது பாய்வது என்று முடிவு செய்கிற பகுதி என் தோழியின் ரவிக்கை அளவிலேயே இருந்தது, முதுகுத் தாளில். அதில் பாதியைக் காணோம். கோயிலுக்குப் போகிறவள்தான், ஆனாலும் பின்கழுத்து இறக்கமாக வேண்டும் மகாராணிக்கு.

"வெட்டின துண்டு எங்கண்ணே?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டினது. இப்ப வந்து கேக்குறியே!"

வேறு வழியில்லை. அந்த வரிகளை நானே எழுதினேன். பழைய இயந்திரம் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியாதா, என்ன?

அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, செய்தி பார்க்க உட்கார்ந்த வீட்டுக்காரரை எழுப்பி விரட்டிவிட்டு, நாங்கள் இருவரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். நான் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டியதும் அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "சும்மா இரு."

கப்பலே அனுப்பாமல் காத்திருந்தாள். நான் தவித்தேன். நாலாவது சுற்றில் எதிரி தன் கப்பல் அத்தனையையும் எங்கள் மேல் அனுப்பியது. அவள் தடுத்துவிட்டு, அது காலியாக விட்டுவந்த கோள்களை ஒவ்வொன்றாகப் பிடித்தாள். கால் மணி நேரம். ஜெயித்துவிட்டோம்!

நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்த மெஷின் இல்லடி."

"வேற யாராம்?"

"நீதான். எல்லாத்தையும் தூக்கி அனுப்பிட்டு வீட்டைக் காலியா விடுது பாரு. உன்னை எப்படிச் சமாளிக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "ஆறு வாரமா நாய் படாத பாடு பட்டிருக்கேன்" என்று கத்த ஆரம்பித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது. அவளும் அழுதாள்.

அவள் போன பிறகு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. துணி மடிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். ஒருநாள் நான் எழுதிய அந்த வரிகளை அழித்துவிட்டு அவளைப்போல ஓர் எதிரியை எழுதினேன். அது பாயாது. பேசாமல் கப்பல் சேர்க்கும். என் வீடு காலியாகிற நேரம் பார்த்து வரும். ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றேன். பொறுக்கமாட்டாமல் அவளுக்கே கடிதம் எழுதிக் கேட்டேன், உன்னை எப்படியடி ஜெயிப்பது என்று.

பதில் வந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், குளிர், மீன் விலை எல்லாம் எழுதிவிட்டு அடியில் ஒரு வரி: "பத்துச் சுற்றுக்கு ஒரு கப்பலும் அனுப்பாதே."

அன்று சாயங்காலமே உட்கார்ந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பூஜ்யம் தட்ட ஒரு கை. இன்னொன்றை என் தொடைக்கடியில் நானே வைத்துக்கொண்டேன். ஏழாவது சுற்றுவரை தாக்குப்பிடித்தேன். பக்கத்தில் "பொறுடி" என்று சொல்ல ஆளில்லை. அத்தனை கப்பலையும் அனுப்பிவிட்டேன்.