பாதி வெளிச்சத்தில் குன்னம்

வயலில் நின்று டேப்லெட் பார்க்கிற வேலைக்குப் படிப்பு, அனுபவம் எல்லாம் அப்புறம்தான். முதலில் திரை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பயிர்க் கணக்கெடுப்பு என்பது எங்கள் வேலையின் பெயர். ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்துக்கு எடுத்து எங்களை அனுப்புகிறது. ஒவ்வொரு வயலிலும் இறங்கி நின்று, என்ன பயிர் நிற்கிறது என்று டேப்லெட்டில் பதிந்து, போட்டோ எடுத்து, அடுத்த வயலுக்கு நடக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது குன்னம் பக்கத்துக் கிராமங்கள். மக்காச்சோளம், பருத்தி, நடுநடுவே சின்ன வெங்காயம். இந்தப் பக்கம் புன்செய் வயலைக் கொல்லை என்பார்கள். மரம் என்று பார்த்தால் எங்கோ ஒரு வேம்பு. மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன இடத்தில் செல்போனில் வந்த மெசேஜைப் படிக்க முயன்று தோற்றவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மத்தியானத்தோடு சரி

முதல் நாள் பெரம்பலூரில் பஸ் ஏறும்போது டேப்பில் நூறு சதவீதம் சார்ஜ். குன்னத்தில் இறங்கி, பருத்திக் கொல்லைக்குள் கால் வைத்ததும் திரை மறைந்துவிட்டது. தெரிந்தது என் முகமும் எனக்குப் பின்னால் இருந்த வானமும்தான். வெளிச்சத்தைக் கூட்டும் கோட்டை இழுத்து கடைசி வரை கொண்டுபோய் வைத்தேன். அப்பாடா என்று இருந்தது. பயிர் பெயர், வயல் எல்லை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நானும் பெருமையாக நடந்தேன்.

சாப்பாட்டு நேரம் வரவில்லை, பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. ஒரு பருத்திக் கொல்லையின் நடுவில், எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. நான் பொத்தானை அழுத்துவதும் குலுக்குவதுமாக இருந்ததை வரப்பில் நின்ற கொல்லைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கிணற்று மோட்டாருக்கு அன்று காலையிலிருந்து கரண்ட் வரவில்லை. "எனக்குத்தான் கரண்ட்டு இல்லன்னு பாத்தா, ஒனக்கும் இல்லியா தாயி?" என்றார்.

கெடு

மூன்று நாள் இதே கதை. மத்தியானத்துக்கு மேல் நான் வெறும் கையோடு வரப்பில் உட்கார்ந்திருப்பேன். எங்களோடு வேலை பார்த்த ஆண்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அவர்களுக்கு பைக் இருந்தது. பைக்கிலேயே சார்ஜர் மாட்டியிருந்தார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் போவதற்குள் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்கள். நான் பஸ், அப்புறம் கால்நடை. எங்கள் வழித்தடத்து பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய காரியம், சார்ஜருக்கு எங்கே போவது?

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. சத்தம் போட மாட்டார், அதுதான் பயமே. என் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, மக்காச்சோளம் அறுப்பதற்குள் என் கிராமங்கள் முடியாவிட்டால் அவற்றை பைக் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாக நிதானமாகச் சொன்னார். அறுத்த வயலைக் கணக்கெடுக்க முடியாது. பயிர் நிற்கும்போதே பதிய வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏலாக்குறிச்சிப் பக்கம் வாத்தியார் வீட்டில் பிறந்து, கல்யாணமாகி பெரம்பலூர் வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வரை வீட்டோடு கிடந்து, அதற்குப் பிறகு என் பெயருக்கென்று கிடைத்த முதல் வேலை இது. விடுவதாக இல்லை. அதை அவரிடமே சொன்னேன். அவர் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க விட மாட்டீங்க மேரி, அது எனக்குத் தெரியும். பேட்டரிகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

இருட்டில் எடுத்த படம்

ரோஷம் வந்தால் எனக்கு நிதானம் போய்விடும். மறுநாள் காலையில் வெளிச்சக் கோட்டை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தள்ளினேன். அடியோடு குறைத்தாயிற்று. பேட்டரி எப்படித் தீருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

வெயிலில் திரை கரும்பலகையாகிவிட்டது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்றால் கூட்டுகிற கோடே தெரியவில்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்று விரலுக்குத்தான் பழக்கமாயிற்றே என்று குருட்டாம்போக்கில் அழுத்திக்கொண்டே போனேன். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட வேலை பார்க்கும் செல்வராணி என்னைவிட இளையவள். நான் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பை வாங்கி, அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் டேப்பைச் சாய்த்துச் சாய்த்து நிழல் தேடியிருக்கிறேன்; கேமரா தரையைப் பார்த்திருக்கிறது. பட்டியலில் மேலும் கீழுமாக இருந்த பயிர்ப் பெயர்களும் மாறிப் போயிருந்தன. அத்தனை வயலுக்கும் திரும்பப் போக வேண்டும். செல்வராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, இந்த ஊருல வெளஞ்சது பருத்தியும் இல்ல, சோளமும் இல்ல, ஒங்க செருப்புதான்" என்றாள்.

வயிறு நிறையாத டேப்

பவர் பேங்க் வாங்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாங்கினேன். பையில் அதைப் போட்டு, ஒயரை வெளியே இழுத்து டேப்பில் சொருகிக்கொண்டு, வெங்காயக் கொல்லைகளில் நடந்தேன். வெளிச்சம் பழையபடி முழுசாக. சார்ஜ் ஏறுகிறது என்று அடையாளம் காட்டியது. ஆனால் எண் இறங்கிக்கொண்டே வந்தது. உள்ளே போவதைவிட திரை குடிப்பது அதிகம். கொஞ்ச நேரத்தில் அந்த அடையாளமும் போய்விட்டது. டேப் சூடாகிவிட்டதாம், ஆறினால்தான் சார்ஜ் ஏறும் என்று எழுதிக் காட்டியது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்.

குன்னத்தில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்து முந்தானையால் விசிறினேன். என்ன விசிறுகிறேன் என்று எட்டிப் பார்த்தார் கடைக்காரர். விஷயத்தைச் சொன்னேன். இரக்கப்பட்டுவிட்டார். "குடுங்க மேடம், கலரு பாட்டிலோட ஐஸ் பொட்டியில வச்சு எடுப்போம், ஜில்லுனு ஆயிடும்" என்று கையை நீட்டினார்.

மழை இல்லாத குடை

அந்த டீக்கடையில் டேப்பைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். கூரை நிழலில், பாதி வெளிச்சத்திலேயே எழுத்து நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் என் தகராறு பேட்டரியோடு இல்லை, திரைமேல் விழும் வெயிலோடு. வெயிலைவிடப் பளிச்சென்று ஒரு திரையால் எரிய முடியுமா? நானும் அதைப் போட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே பெரம்பலூர் கடைத்தெருவில் பெரிய கறுப்புக் குடை ஒன்று வாங்கினேன். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் வசதியை நிறுத்தினேன். வெயிலைக் கண்டால் அது என்னைக் கேட்காமலே உச்சிக்குப் போய்விடும். கோட்டைப் பாதியில் வைத்தேன். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நடக்கும்போது திரையை அணைத்தேன். வயலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, குடையைத் தோளில் சாய்த்து, அந்த நிழலுக்குள் டேப்பைப் பிடித்துப் பதிந்தேன். மத்தியானம் தாண்டியது. டேப் உயிரோடு இருந்தது. மூன்று மணிக்கும் இருந்தது. வரப்பில் தனியாக நின்று சிரித்தேன், வெட்கமே இல்லாமல்.

ஆனால் அது மார்கழியிலும் மழை ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷம். மானத்தைப் பார்த்து விதைத்தவர்கள் ஊரில், சொட்டு மழை இல்லாத பகலில், ஒருத்தி குடை பிடித்துக்கொண்டு கொல்லை கொல்லையாகப் போனால் யாருக்குப் பொறுக்கும்? களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு, "கொடைய மடக்கு கண்ணு, வர்ற மழையும் பாத்துட்டுத் திரும்பிடப் போவுது" என்றார்.

அறுவடை மெஷின்

அப்படியே நடந்து நடந்து கிராமங்களை முடித்துக்கொண்டு வந்தேன். தை பிறந்து மக்காச்சோள அறுவடை தொடங்கியபோது எனக்கு ஒரே ஒரு வயல் பாக்கி. அஞ்சலை என்ற பெண்ணின் வயல். சாயங்காலமாகப் போகலாம் என்று வைத்திருந்தேன். மெஷின் மத்தியானமே வந்துவிட்டது. செய்தி கேட்டு ஓடினேன். ஓடியதில் காற்று குடையைப் பிடுங்கி, கம்பிகளைத் திருப்பிப் போட்டுவிட்டது. அதைக் கொல்லை ஓரத்தில் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின் ஒரு ஓரத்தை அறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. முந்தின ராத்திரி கரண்ட் இல்லாததால் டேப்பில் இருந்த சார்ஜ் சொற்பம். வெளிச்சத்தை முழுசாக வைத்தால் போட்டோவுக்கு முன்பே போய்விடும். குறைத்தால் எதுவும் தெரியாது. இந்த ஒரு வயல் தவறினால் என் கிராமங்கள் முடிந்ததாக ஆகாது. அஞ்சலையின் பயிரும் கணக்கில் வராது.

கையைக் காட்டி மெஷினை நிறுத்தினேன். டிரைவர் சேலம் பக்கத்து ஆள். வாடகைக்கு வந்த மெஷின், இன்னும் நாலு கொல்லை போக வேண்டும் என்று முறைத்தார். நிறுத்தினால் மட்டும் போதாது, கொஞ்சம் திருப்பி, அறுக்காத பக்கமாக நிழல் விழுகிற மாதிரி நிறுத்துங்கள் என்றேன். அவர் சண்டை போட இறங்கவே பார்த்தார். அஞ்சலை குறுக்கே வந்து, "அவங்க சொல்ற மாதிரி நிறுத்துங்க, எங்கொல்லதானே" என்றாள். மெஷின் முனகிக்கொண்டே திரும்பியது. அதன் நிழலில் நின்றேன். குறைந்த வெளிச்சத்திலேயே எழுத்து தெரிந்தது. நிற்கிற சோளம், வயலின் எல்லை, போட்டோ எல்லாம் ஏறின. அனுப்பியாயிற்று என்று காட்டிவிட்டு, அடுத்த நிமிஷம் டேப் அணைந்தது. டிரைவர் மெஷினை மறுபடி கிளப்பிக்கொண்டே, "இத்தன வருஷமா மெஷின் ஓட்டறேன், நெழலுக்கு வாடகைக்கு எடுத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

சூப்பர்வைசர் போன்

அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார். குன்னம் பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் முடிந்துவிட்டதாகத் திரையில் காட்டுகிறதாம். அவை இனி என்னுடையவை, யாருக்கும் மாற்ற மாட்டேன் என்றார். நான் நன்றி சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போனில் அது தெரியாது என்பதில் ஒரு நிம்மதி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேரி, மீன்சுருட்டி பக்கம் பைக்ல போன பையன் வெயில் தாங்காம வேலைய விட்டு நின்னுட்டான், ரெண்டு பஸ் மாறணும், நீங்க போறீங்களா?" என்றார்.

போகிறேன் என்றேன். ஒழுங்காக வேலையை முடித்தவர்களுக்கு எங்கள் தொழிலில் கிடைக்கும் பரிசு, இன்னும் நாலு ஊர் வெயில்.