அடியில் தங்கிய சர்க்கரை

இன்று காலை கடைக்குப் பேப்பர் கப் வந்து இறங்கியது. இனிமேல் கண்ணாடி கிளாஸ் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். கடைசியாகக் கழுவ எடுத்த கிளாஸின் அடியில் சர்க்கரை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. என் கை அங்கேயே நின்றுவிட்டது.

ஒன்பதாவது படிக்கும்போது அறிவியல் சார் ஒரு குவளைத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கினார். உப்பு கரைபொருள், தண்ணீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்தால் கரைசல். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் மாதிரி இருக்கிறதே என்று எனக்கு அவை பிடித்துப்போயின. அடுத்து ஒரு பிடி மணலைப் போட்டார்.

"இது எவ்ளோ கலக்குனாலும் அடியிலதான் கெடக்கும். நம்ம கடைசி பெஞ்சு மாதிரி."

கடைசி பெஞ்சில் நானும், விடுதியில் தங்கிப் படித்த வெள்ளிமலை மல்லிகாவும். அன்றிலிருந்து வகுப்பே எங்களை வண்டல் என்று கூப்பிட்டது. அந்தச் சனிக்கிழமை மலை பஸ் ஏறிய மல்லிகா திரும்பி வரவே இல்லை. நான் வீம்புக்காகவே இருந்து படித்தேன். பாடத்தின் அடுத்த பக்கத்திலேயே தெவிட்டிய கரைசல் இருந்தது. ஓர் அளவுக்கு மேல் போட்டால் உப்பும் கரையாது, அடியில்தான் தங்கும். அது உப்பின் குற்றமா? தண்ணீரில் இடமில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைச் சார் நடத்தவே இல்லை.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் டீக்கடை போட்ட பிறகு, ஓய்வு பெற்ற சார் ஒருநாள் வந்து நின்றார். எங்கள் கடையில் முதலில் சர்க்கரை, மேலே டீ, பிறகு ஸ்பூனால் ஒரு சுழற்று. அவருக்கு அந்தச் சுழற்றை மட்டும் விட்டுவிட்டேன்.

"இன்னாம்மா, சக்கரையே இல்ல?"

"அடியில இருக்குங்க சார். கடைசி பெஞ்சு மாதிரி."

கிளாஸைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னை. ஸ்பூனுக்குக் கை நீட்டினார். நான் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"எம் பக்கத்துல ஒரு பொண்ணு ஒக்காந்துகினு இருந்துச்சே, அது பேரு சொல்லுங்க. கலக்கித் தரேன்."

அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அடிக்கடி வந்தார். ஒருநாள் அஞ்சலையா என்பார், இன்னொரு நாள் செல்வியா என்பார். இல்லிங்க சார் என்பேன். கசக்கக் கசக்கக் குடித்துவிட்டுப் போவார். அதைப் பார்க்க எனக்கு அப்படி இனித்தது, பொய் சொல்வானேன்.

போன மழைக்காலத்தில் சார் காலமாகிவிட்டார், பெயர் தெரியாமலே. சொல்லித் தொலைத்திருக்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். எதற்குச் சொல்ல வேண்டும்?

கிளாஸ்களை மூட்டை கட்டிவிட்டேன். பேப்பர் கப்பில் அடியில் யார் கிடக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. சார் மாதிரி ஆட்களுக்கு வசதிதான்.