ஒரு சாண் கித்தான்

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா எனும் சுதந்திரம் கிடைத்த சமயத்தில், காஜா பேராங்கில் ஒரு கோதுமை மாவுக் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். லோரியின் பின்புறத்துக்கும் கிடங்கு வாசலுக்கும் நடுவிலிருந்த சந்தில் மழை கொட்டி மூட்டைகள் நனைந்தன. அதற்கு ஒரு மறைப்பைத் தேர்ந்தெடுக்கும்படி முதலாளி என்னிடம் சொன்னார். தகரக் கூரையைவிட, வாசலைச் சுற்றித் தொங்கி லோரியை ஒட்டி நிற்கும் கித்தான் துணியே நல்லது என்று முடிவு செய்தேன். லோரியை வாசலில் நிறுத்தி அளவெடுத்தேன். அப்போது அது காலி லோரி.

சரக்கேற்றிய லோரி பாரத்தில் தாழ்ந்து நிற்கும். முதல் மழையிலேயே, லோரிக்கும் கித்தானுக்கும் நடுவே விழுந்த ஒரு சாண் இடைவெளியில் தண்ணீர் கொட்டியது. எனக்குக் காரணம் அப்போதே புரிந்தது. தன் சரக்கு எதனால் நனைகிறது என்று நிமிர்ந்துகூடப் பார்க்காத முதலாளி, மூட்டை தூக்கியவர்கள்மேல் பாய்ந்தார்.

"சோம்பேறிப் பசங்களா, மூட்டைய மழையில போட்டுட்டு கதை பேசுனீங்களா?"

"மழைய நாங்களா மொதலாளி கூட்டியாந்தோம்? கிராணியாரையே கேளுங்க, பக்கத்துலதான் நின்னாரு" என்றார் அவர்களில் மூத்தவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் மெர்டேக்கா கொடி பறக்க, கேட்க நாதியற்று அவர்கள் வேலையை இழந்து போனார்கள்.

மறுநாள், முதலாளி வருமுன் கித்தானை ஒரு சாண் இறக்கிக் கட்டினேன். அடுத்த மழையில் எதுவும் நனையவில்லை.

"பார்த்தீரா கிராணி? அவனுங்க தொலைஞ்சதும் மாவு நனையல!" என்று முதலாளி சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. அன்று நானும் கூடச் சிரித்தேன்.