உள்ளே போய் விளையாடலாம்

வீடியோ கேம் கடை என்பது, விளையாடத் தெரியாத ஒருத்தி, விளையாடுகிறவர்களை நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தொழில். வீட்டு முன்னறையில் கடை போட்டுவிட்டு, அடுப்படியிலிருந்தும் கடையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிடப்படும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. வேலையை விட்டுவிட்டு வந்து கடை திறந்தது என் வீட்டுக்காரர். திறந்த கடையில் உட்கார்ந்தது நான். மூன்று டி.வி., மூன்று கேம் பெட்டி, ஒரு நீள பெஞ்சு. இரண்டாயிரத்து நாலு ஆடி மாதம், சிங்கப்பூரிலிருந்து வந்த என் கொழுந்தனார் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தார். தலையில் மாட்டினால் கண் இரண்டையும் மூடிக்கொள்ளும், காதையும் அடைத்துக்கொள்ளும். டி.வி. ஒயரைக் கழற்றி இதில் சொருகினால் படம் கண்ணுக்குள்ளேயே ஓடும். “இதை மாட்டிக்கிட்டா நெஜமாவே உள்ள இருக்க மாதிரி இருக்கும் அண்ணி. நல்லா போச்சுன்னா சொல்லுங்க, தீபாவளிக்கு இன்னும் ரெண்டு எடுத்தாரேன். டி.வி.யை எல்லாம் தள்ளிடலாம்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் டி.வி.களை விற்க ஆள் பார்த்துவிட்டார். அவருடைய வேகம் எனக்குப் புதிதில்லை. கடை படுத்தால் அடுத்த திட்டமும் தயார்: மொட்டை மாடியில் காளான் வளர்ப்பு. அதற்குப் புத்தகமே வாங்கி வைத்திருந்தார். காளானுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்கப்போவது யார் என்று புத்தகத்தில் போடவில்லை, எனக்குத் தெரியும். கண்ணாடி போட்டால் விளையாட்டு நிஜமாக இருக்கிறதா, இல்லையா? ஒரு மாதம் பார்த்து நானே முடிவு சொல்லலாம் என்று பெரிய மனசு பண்ணினார். டி.வி.யை விற்றபிறகு கண்ணாடி ஓடாவிட்டால் காளான். இதுதான் என் பரீட்சை.

போர்டு

கண்ணாடியோடு வந்த தாளில் ‘இம்மெர்ஸிவ்’ என்று பத்து இடத்தில் போட்டிருந்தது. கான்வென்ட்டில் ஏழாம் வகுப்பில் கையெழுத்துக்காக சிஸ்டர் பரிசு கொடுத்த அகராதியைத் தூசி தட்டிப் பார்த்தேன். ‘மூழ்கடிக்கிற’ என்றது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீரே நாள் விட்டு நாள்தான். மூழ்கலாம் என்று எழுதி வைத்தால் ஜனம் குடத்தோடு வந்து நிற்கும். அதனால் நானே யோசித்து, ‘உள்ளே போய் விளையாடலாம்’ என்று எழுதச் சொன்னேன்.

போர்டு எழுதுகிற மாணிக்கம் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இத்தன நாளா எல்லாரும் வெளியிலயா விளையாண்டாங்க?”

செருப்பு

முதலில் வந்தவர் கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர், முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போர்டைப் படித்துவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பவ்யமாக நின்றார். “உள்ள போயிட்டு வர எம்மா நேரம் ஆவும்? நாலரைக்கு எனக்கு பஸ்ஸு.” பத்து நிமிஷம் என்றேன். கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஏதோ கோட்டைக்குள் ஓடுகிற விளையாட்டு. மனுஷர் கையிலிருந்த பொத்தானை அழுத்தவே இல்லை. தூண் தூணாகப் பார்த்துக்கொண்டே நின்றார், அரக்கன் வந்து வெட்டும்வரை.

கழற்றிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனவர் திரும்பி வந்தார். முகத்தில் கோபமில்லை, தெளிவுதான் இருந்தது. “நெஜந்தாம்மா. கோயிலுக்குள்ள போயிட்டு வந்த மாதிரியே, வெளிய வந்து பாத்தா செருப்பக் காணும்.”

லாரி

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் ராஜேந்திரன், டயரைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு வந்தார். கார் ரேஸ் போட்டுக் கொடுத்தேன். நடுவில் தலையைச் சட்டென்று வலது பக்கம் திருப்பினார், அப்புறம் இடது பக்கம், பிறகு முழுசாகப் பின்னால். நாற்காலியோடு சாய்ந்தவரைப் பெஞ்சில் இருந்தவர்கள்தான் பிடித்தார்கள்.

நிஜமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் கண்ணாடியை என்னிடம் நீட்டினார், போலி லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிற ஆபீசர் மாதிரி. “எந்தப் பக்கம் திரும்புனாலும் முன்னாடி ரோடுதான் தெரியுது. பின்னாடி ஆரன் அடிக்கிறவன் எங்க? குறுக்க வர்ற மாடு எங்க? இத நெஜம்னு நம்பி எவனாவது லாரிய எடுத்துறப் போறாங்கம்மா.”

பனி

ஒவ்வொரு தலையிலிருந்தும் கழற்றியதும் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. தேங்காய் எண்ணெய், சந்தனம், முகப்பவுடர். பழைய புடவை கிழிசல் இரண்டு அந்த மாதத்தோடு உயிரை விட்டன. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து மாட்டிக்கொண்டார். மலைப்பாதையில் கார். ஆஹா என்ன பனி என்கிறார், மெதுவாகப் போகிறார், விளக்கைப் போட பொத்தான் எது என்கிறார். மலையில் பனி ஏது, நானும்தான் தினம் பார்க்கிறேனே என்று கழற்றிப் பார்த்தால், உள்ளே கண்ணுக்கு நேராக இருக்கும் சில்லு இரண்டிலும் அவருடைய விபூதி.

துணியை எடுத்ததும் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: “அதத் தொடச்சிறாதீங்க மேடம், அதுதான் தத்ரூபமா இருக்கு.”

கரெண்ட்

நாள் தவறாமல் மத்தியானம் கரெண்ட் போகும். போனால் எல்லாரும் ‘ஓ’வென்று கத்திவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் எல்லாரும் போன பிறகும், தாலுகா ஆபீஸ் கிளார்க் சுந்தரம் மட்டும் கண்ணாடியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதும் அடைத்திருந்ததால் கத்தியது கேட்கவில்லை. தூங்குகிறாரோ என்று நான் சாதம் வடித்துவிட்டு வந்து பார்த்தேன். கை மட்டும் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்தார். குகைக்குள் மாட்டிக்கொண்டதாக நினைத்து, கால் மணி நேரமாக வழி தேடியிருக்கிறார்.

கரெண்ட் போய்விட்டது என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இருக்கட்டும் மேடம். அந்தக் கால் மணி நேரந்தான் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

ஸ்டேஷன்

இதற்கு நான் எழுதச் சொன்ன போர்டுதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். பாலிடெக்னிக் படிக்கும் செந்திலைத் தேடி ரஞ்சன்குடியிலிருந்து அவன் அம்மா வந்தார். நான் வாசல் திண்ணையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “செந்திலா? அவன் உள்ள போயி அரை மணி ஆச்சுங்களே” என்றேன். அந்தம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “எந்த ஸ்டேஷன்லங்க வச்சிருக்காங்க? நேத்துகூட ஒழுங்காத்தான இருந்தான்?” வெங்காயத்துக்காக வந்த என் கண்ணீரைப் பார்த்து அவருக்கு இன்னும் பயம் கூடிவிட்டது.

கையைப் பிடித்து எழுப்பி முன்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். மகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, இல்லாத ஆளை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். அந்தம்மா இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார். பெருமூச்சு விட்டார். “நெஜமாவே உள்ள போயிருந்தா மூணு வேளச் சோறாவது போட்டிருப்பாங்க.”

பெஞ்சு

மாதக் கடைசியில்தான் நான் பெஞ்சைக் கவனித்தேன். எங்கள் கடையின் வழக்கம் இது: ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மூன்று பேர் வருவார்கள். குமார் விளையாடுவான், மற்ற இரண்டு பேரும் அவன் தோளுக்கு மேல் தலையை நீட்டி, “லெஃப்ட்ல வரான்டா, குனி, குனி, நாசமாப் போனவனே குனிடா” என்பார்கள். குமார் செத்தால் மூன்று பேரும் சாவார்கள். ஜெயித்தால் பெஞ்சு ஆடும். நான் அடுப்படியிலிருந்தே யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன்.

கண்ணாடி வந்தபிறகு குமார் பாட்டுக்கு ஒரு மூலையில் தனியாகக் குனிந்தான், நிமிர்ந்தான். மற்ற இருவருக்கும் பார்க்க அவன் பின்னந்தலைதான் இருந்தது. ஒருத்தர் கொட்டாவி விட்டார். அடுத்தவரான பழனி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். என்னப்பா, கிளம்பிட்டீங்க என்றேன். “அவன் மட்டும் உள்ள போயிட்டான், நாங்க இங்க இருந்து என்னக்கா பண்றது? பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை

கொழுந்தனார் காலை பதினோரு மணிக்கு போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். பத்தரைக்குத்தான் ஒன்று உறைத்தது: பரீட்சை வைத்த நான் ஒருநாள்கூட கண்ணாடியைப் போட்டுப் பார்க்கவில்லை. சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டு, துடைத்து மாட்டிக்கொண்டேன். கேம் பெட்டியைப் போட மறந்துவிட்டேன். பரவாயில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, ஒரு மங்கிய நீலம் மட்டும். பாத்திரம் இல்லை, பஸ் ஸ்டாண்டு மைக் இல்லை, ‘காபி ஆச்சா’ இல்லை. அப்படி ஓர் இடம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

யாரோ தோளை உலுக்கினார்கள். கழற்றினால், முன்னால் என் வீட்டுக்காரர், கையில் போன். அவருக்குப் பின்னாலிருந்து கருகின பருப்பு வாசனை. போனை வாங்கி, “இன்னும் ரெண்டு கண்ணாடியெல்லாம் வேண்டாம் தம்பி. பெஞ்சு காலியாயிடும், கடையும் கூடவே போயிடும். டி.வி. மூணும் இருக்கட்டும். இப்ப இருக்கிற இது மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லி வைத்தேன். டி.வி.கள் தப்பின. காளான் புத்தகம், ஆடுகிற பெஞ்சுக் காலுக்கு அண்டக் கொடுக்கச் சரியாக இருந்தது. கண்ணாடியை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஆறவில்லை: “மூணு தடவ கூப்புட்டேன், குக்கர் ஏழு விசில் அடிச்சிருச்சு, உள்ள அப்படி என்னதான்டி விளையாண்ட?”

அந்தக் கண்ணாடியை மாட்டினால் விளையாட்டு நிஜமாகிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, வீடு பொய்யாகிறது என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம்.