அங்குலம் அளந்த ஒன்பது அடி

வி.ஆர். விளையாட்டில் இறங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் இதுவரை பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனிடம் ஒரு டாக்டர் யோசனை கேட்டு வருகிறார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. முகத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு இல்லாத ஊரில் திரியும் அந்த விளையாட்டை ஒரு வாரம் ஆள் வைத்து, டேப் வைத்துச் சோதித்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். ஆனால் சோதனையின் முடிவு எனக்குக் கிடைத்தது அங்குலம் என்கிற ஒரு மனிதனால். அவனைப் பற்றிச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் அது கைப்பிடி இல்லாத கதவு மாதிரி இருக்கும்.

அங்குலம் என் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறான். கீழே கடை, மாடியில் அவன் மேஜை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு சன்னலை அளந்துவரச் சொன்னேன். வந்து, "முப்பத்தாறு அங்குலம், மூணு நூல்" என்றான். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அரை அங்குலமா வச்சுக்கோயேன்" என்றேன்.

"நான் வச்சுக்கலாம் முதலாளி. சன்னல் ஒத்துக்கணுமே" என்றான்.

அன்றே இவன் நம் ஆள் என்று முடிவு செய்துவிட்டேன். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுவது எனக்குப் பிறவியிலேயே வந்தது. தோளில் கண்ணாடி சுமந்து தெருத்தெருவாக விற்றவன் சொந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் பாதி அந்தக் கண்ணால்தான்.

அவன் எதையும் அளக்காமல் விடமாட்டான். பேருந்தில் இரண்டு இருக்கைக்கு நடுவே எத்தனை அங்குலம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கதவுக்கும் எத்தனை அங்குலம், எல்லாம் தெரியும். அவன் மனைவி வருடத்துக்கு ஒரு முறையாவது கடைக்கு வந்து என்னிடம் முறையிடுவாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறங்களேன். ஒரு நாள் வீட்டுல இருந்தாருன்னா அடுப்புக்கும் அலமாரிக்கும் டேப்பைப் போட்டு, நான் நிக்கிற இடமே தப்புங்கிறாரு."

"தப்பாத்தானே நிக்கிறே" என்பான் அங்குலம், தலை நிமிராமல்.

எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று. விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே. கையைத் தூக்கு, இரண்டு எட்டு பின்னால் குதி. கண்ணாடி போனால் வேறு கண்ணாடி வரும், விரல் போனால் வராது. புதிதாக வருகிறவன் முன்னால் ஒரு வாரம் கழிவுத் துண்டுகளை நானே போட்டுப் போட்டு, மூளைக்குச் சேதி போகுமுன் கால் குதிக்கிற வரைக்கும் பழக்குவேன். என் கடையில் யாருக்கும் விரல் குறைந்ததில்லை. அதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. யார் எதை உடைத்தாலும் மாடிப்படிச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் தன் பெயரையும், உடைந்ததன் அளவையும் எழுத வேண்டும். நாற்பத்தொரு வருடச் சுவர் அது. அதில் அப்போது என் பெயர் கிடையாது. அங்குலத்தின் பெயரும் கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் என் மாப்பிள்ளை அந்தப் பெட்டியோடு வந்தார். பதினாறு வருடம் படித்தவர். மகளைக் கட்டிய பிறகு கடையைக் கவனிக்கிறார். அதாவது கடை நடப்பதைக் கவனிக்கிறார்.

"மாமா, உலகமே இதுக்குள்ள போயிட்டிருக்கு."

"போகட்டும் மாப்ள. திரும்பி வருதா?"

அவர் சிரிக்கவில்லை. மாடியைக் காலி செய்து விளையாட்டுக் கூடம் ஆக்கலாம், ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆடலாம், கண்ணாடியைத் தொழிற்சாலையிலேயே வெட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார். சனிக்கிழமை எந்திரம் விற்கிறவர் ஒப்பந்தத்தோடு வருகிறாராம், நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"அப்ப அங்குலம்?"

"அவருக்கும் வயசாகுது மாமா. ஓய்வு வேணாமா?"

"எனக்கு அவனைவிட ஒன்பது வயசு கூட" என்றேன். மாப்பிள்ளை செல்போனில் எதையோ தேடத் தொடங்கினார்.

நான் முதுகுக்குப் பின்னால் காரியம் செய்கிறவன் இல்லை. அங்குலத்தைக் கூப்பிட்டு நேராகவே சொன்னேன். "சனிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டா உன் மேஜை கீழ இறங்கிடும். மேஜை இறங்கினா நீயும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

கம்பளம் விரித்த மேஜையின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினான். அவ்வளவுதான். "ஆறு பேர்ங்கிறாங்களே, இடத்தை அளந்தாங்களா?" என்று கேட்டான்.

மாப்பிள்ளை படம் ஒன்றை விரித்தார். கூடம், அதில் ஆறு வட்டம்.

"இந்த வட்டம் எத்தனை அடிங்க?"

"அது சும்மா ஒரு படம்தாங்க."

"சும்மா ஒரு படத்துக்காக மேஜையை எப்படி இறக்குறது முதலாளி?"

நியாயமான கேள்வி. ஆடுகிற ஒருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் அளந்து சொல்லும்படி அவனிடமே ஒப்படைத்தேன். ஆறு பேருக்கு இடம் இருந்தால் மாடி மாப்பிள்ளைக்கு, இல்லாவிட்டால் மேஜைக்கு. மாப்பிள்ளையும் சம்மதித்தார்.

மாடி இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அடி அகலம். மேஜையைச் சுவரோரம் தள்ளினோம். அங்குலம் சாக்பீஸைத் தூளாக்கி ஒரு தட்டில் கொட்டினான். ஆடுகிறவர் அதில் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டும்; ஆடி முடித்ததும் தரையில் விழுந்த தடத்தை அளப்பது. இந்த யோசனை பதினாறு வருடம் படித்தவருக்கு வரவில்லை, பாருங்கள்.

முதல் ஆள், கண்ணாடி தூக்குகிற மலை. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். மாப்பிள்ளை இருப்பதிலேயே எளிதான விளையாட்டைப் போட்டுவிட்டார். ஒரு பெரிய சமையலறை. மேலிருந்து தட்டுகள் வரும். பிடித்துப் பிடித்து அடுக்க வேண்டும். உள்ளே நடப்பது செல்போனிலும் தெரிந்தது.

முதல் தட்டு வந்தது. மலை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் குதித்தான். தட்டு விழுந்தது. அடுத்த தட்டு. இன்னும் இரண்டு எட்டு.

"பிடிங்க, பிடிங்க" என்றார் மாப்பிள்ளை.

"விழுறதைப் பிடிக்கக் கூடாதுங்க. முதலாளி கொன்னுடுவாரு."

"அது தட்டே இல்லைங்க. வெறும் படம்."

"படம்னா எதுக்குங்க பிடிக்கணும்?"

அவன் எடுத்த மதிப்பெண் பூஜ்யம். இன்னொரு தூக்குக்காரனும் பூஜ்யம். என் வீட்டுக்காரி எனக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தெட்டு வருடம் கண்ணாடிகளுக்கு நடுவே புழங்கியவள். அவளும் குதித்து மேஜையில் இடித்துக்கொண்டாள். பெட்டியைக் கழற்றிவிட்டு அவள் கேட்டது இதுதான்: "என்னங்க, அவ்வளவு தட்டு இருக்கு, கழுவுற இடமே இல்லையே. யாரு வீடு அது?" புதன்கிழமை அங்குலமே மாட்டிப் பார்த்தான். தட்டைக் கவனிப்பதற்கு முன் அந்தச் சமையலறைக் கதவைத்தான் கையால் அளந்தான். "அஞ்சே முக்கால் அடிதான் இருக்கு. கட்டினவனுக்குத் தொழில் தெரியலை" என்றான். பிறகு தட்டு வந்ததும் அவனும் குதித்தான்.

மாப்பிள்ளை மட்டும் மாட்டவில்லை. அவருக்கு அதை மாட்டினால் குமட்டுமாம். ஊரே ஆட வேண்டும், அவர் வெளியே நின்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அங்குலம் கணக்கை முடித்தான். வெள்ளைத் தடங்களின்படி ஓர் ஆளுக்கு ஒன்பது அடிக்கு ஒன்பது அடி வேண்டும். மாடியில் இரண்டு பேர் ஆடலாம். மூன்றாவது ஆள் படிக்கட்டில் நிற்க வேண்டியதுதான். அங்குலம் அன்று இரண்டு டீ குடித்தான். வழக்கமாக ஒன்று.

சனிக்கிழமை விற்பனைத் தம்பி வந்தார். சட்டை கசங்காமல் உட்காரத் தெரிந்த பிள்ளை. ஒன்பது அடி என்று கேட்டதும் புன்னகைத்து, "நானே ஆடிக் காட்டுறேங்க ஐயா" என்றார். அவர் காலுக்கும் சாக்பீஸ் தூள்தான். பெட்டியை மாட்டிக்கொண்டு குதிக்காமல், இந்தப் பக்கம் ஓர் எட்டு அந்தப் பக்கம் ஓர் எட்டு மட்டும் வைத்து இருபது தட்டு பிடித்தார். இருபதும் அவர் அடுக்கிலே.

அங்குலம் குனிந்து தடத்துக்கு டேப் போட்டான். ஒரு முறை அளந்தான், மறுபடி அளந்தான். ஐந்து அடி. மாப்பிள்ளை தம்பிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார். டேப்பைப் பார்த்தது அவனும் நானும்தான். நான் அவனுக்குக் கண் காட்டினேன், சுருட்டிவிடு என்று. ஒளிப்பானேன், காட்டத்தான் செய்தேன். இருபத்தாறு வருடம் கூடவே இருந்த ஆள்.

அவன் சுருட்டவில்லை.

"முதலாளி, என் அளவு தப்பு" என்றான்.

தன் அளவைத் தப்பு என்று அவன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"நம்ம ஆளுங்க எல்லாம் விழுறதைக் கண்டா குதிக்கப் பழகினவங்க. அவங்களை வச்சு அளந்துட்டேன். காசு குடுத்து ஆட வர்றவங்க வெளி ஆளுங்க. அவங்களுக்கு அஞ்சு அடி போதும். ஆறு பேர் தாராளமா ஆடலாம்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய், கண்ணாடி வெட்டும் கட்டரையும் எண்ணெய்ப் புட்டியையும் துணியில் துடைத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

மாப்பிள்ளை ஒப்பந்தத்தை விரித்துப் பேனா மூடியைத் திறந்து நீட்டினார். "கடைசியில அவரே சொல்லிட்டாரு பாத்தீங்களா மாமா."

அவன் பை நிரம்புவதைப் பார்த்துப் பேனாவை நான் வாங்கவில்லை. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே. "கொடுங்க, நானும் ஒரு தடவை ஆடிட்டுப் போடுறேன்" என்றேன். பார்க்காத பொருளுக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. தூளில் காலைத் தேய்த்துக்கொண்டு பெட்டியை மாட்டினேன்.

முதல் தட்டைப் பிடித்தேன். இரண்டாவதையும் பிடித்தேன். எங்கள் கடையில் தட்டுப் பிடித்த ஒரே ஆள் நான்தான், இதை யாரும் மறுக்க முடியாது. மூன்றாவதாக வந்தது தட்டு இல்லை. அந்த வீட்டு அலமாரியின் கண்ணாடிக் கதவு கீலை விட்டுக் கழன்று என் மேல் சாய்ந்தது. ஆறடி இருக்கும், ஓரம் தேய்க்காத கண்ணாடி.

என் கை மேலே போனதும் கால் பின்னால் போனதும் எனக்குத் தெரியாது. முதுகு மரச்சட்டம் ஒன்றில் இடித்தது. பிறகு சத்தம். கண்ணாடிக்காரனுக்குச் சத்தத்திலேயே அளவு தெரியும்: தையல் கடைக்காரருக்காக அன்று காலையில்தான் அங்குலம் வெட்டிச் சாய்த்து வைத்திருந்த ஏழு அடி நிலைக்கண்ணாடி.

பெட்டிக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண் குரல், "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்றது.

"அசையாதீங்க முதலாளி" என்றான் அங்குலம். காலைச் சுற்றி இருந்த சில்லுகளை முதலில் கூட்டி ஒதுக்கிவிட்டுத்தான் பெட்டியைக் கழற்றினான். ஒரு கீறல் இல்லை எனக்கு.

"மாமா, அது வெறும் படம்தானே. எதுக்குக் குதிச்சீங்க?"

"நான் எங்க மாப்ள குதிச்சேன்? கால் குதிச்சுது. அதுக்குப் படம் தெரியாது, கண்ணாடிதான் தெரியும்."

விற்பனைத் தம்பி குறுக்கே வந்தார். "எதுவும் விழாத விளையாட்டும் இருக்குங்க ஐயா."

"எதுவும் விழாதுன்னா அப்புறம் எதுக்குத் தம்பி விளையாட்டு?" ஒப்பந்தத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். "வெளி ஆளுக்கு அஞ்சு அடிங்கிறது சரி. ஆனா ஆடிட்டுத் தலை கிறுகிறுன்னு இறங்குறவங்க கீழ நிக்கிற அம்பது கண்ணாடிக்கு நடுவுலதான் நடந்து போகணும். அதை யாரும் அளக்கலை. மாடி மேஜைக்குத்தான்."

மாப்பிள்ளை அங்குலத்தைப் பார்த்தார், ஏதாவது அளந்து சொல்வான் என்று. அவன் அப்போது சில்லுகளைப் பெரியது சிறியது பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தான்.

சத்தம் கேட்டு வந்த மலையும் இன்னொரு தூக்குக்காரனும் மாடிப்படிச் சுவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மலையின் பெயர் அந்தச் சுவரில் ஆறு இடத்தில் இருக்கிறது. முதலாளி என்று நான் நழுவியிருக்கலாம். நானே பெயிண்ட் டப்பாவைக் கேட்டு வாங்கி என் பெயரை எழுதினேன், மற்ற எல்லாப் பெயரையும்விடப் பெரிதாக. கீழே அங்குலம் அளவை எழுதினான்: ஏழு அடி, இரண்டரை அடி. பிறகு மாடிக்குப் போய் என் வெள்ளைத் தடத்துக்கு டேப் போட்டான்.

"பத்தே கால் அடி முதலாளி."

இந்தக் கடையில் அதுவரை அவ்வளவு தூரம் குதித்தவர் கிடையாது. அதையும் எழுதச் சொன்னேன்.

அவன் பையைப் பிரித்து, கட்டரையும் எண்ணெய்ப் புட்டியையும் பழைய இடத்திலேயே வைத்தான். மேஜையை நடுவே இழுத்துப் போட்டோம். தையல் கடைக்காரர் மாலையில் வருவார்; மறுபடி ஏழு அடி வெட்ட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவன் மனைவி வந்தாள். நன்றி சொல்வாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தப் பெட்டி சும்மாத்தானே கிடக்கு? ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இவர்கிட்ட குடுத்து விடுங்களேன்" என்றாள்.

மாப்பிள்ளை சொந்தமாக வாங்கிய பெட்டி அது. குமட்டலுக்குப் பயந்து அவர் தொடுவதில்லை, ஆகவே கொடுத்தார். இப்போது ஞாயிறுதோறும் அங்குலம் அந்த ஊருக்குள் போய்க் கதவு சன்னல்களை அளக்கிறான். திங்கட்கிழமை காலையில் வந்து எனக்குச் சொல்கிறான். இதுவரை நாற்பத்திரண்டு கதவு தப்பு. அவன் மனைவி தான் நிற்கிற இடத்தில் நிம்மதியாக நிற்கிறாளாம்.

பல் டாக்டருக்கு நான் சொன்னது இதுதான். உங்கள் கால் எதைக் கண்டால் குதிக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் பத்தே கால் அடி காலி இடம் இருந்தால், அங்கே உடைகிற பொருள் இல்லாவிட்டால், வாங்கலாம். அவர் இன்னும் யோசிக்கிறார். இடம் அளக்க அங்குலத்தை அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.